முதலில் அடைத்த கடன்

"பயப்படாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லியே சம்பாதிக்கிற மனிதர் அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பழகிய எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "கிளட்சை மெதுவா விடுங்கம்மா, பிரேக் என் கால்கிட்டயும் இருக்கு" என்று அவர் சொன்னால் நடுங்குகிற கையும் அடங்கிவிடும். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தால் போதும், மாஸ்டருக்கே பயம் வந்துவிடும்.

அன்று காலையும் அதிர்ந்தது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டர் அம்மா, "எடுங்க மாஸ்டர், ஏதாவது அவசரமா இருக்கும்" என்றார்.

"அவசரம் அவங்களுக்குத்தான், நமக்கில்ல" என்று மாஸ்டர் சிரித்துவைத்தார். முதல் நாள் கிரெடிட் கார்டு கம்பெனியிலிருந்து பேசிய பையன், "வீட்டுக்கே ஆள் அனுப்பட்டுமா சார்? மேடம் வீட்லதானே இருப்பாங்க?" என்று அன்பாகக் கேட்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அன்பு அவரை இரவெல்லாம் புரட்டிப் போட்டது.

நாலு கார்டு. ஒன்றின் கடனை இன்னொன்றில் எடுத்து அடைத்தார். ஒரு குழியை மூட இன்னொரு குழி வெட்டினால் மண்ணா மிஞ்சும்? வட்டி குட்டி போட்டது, அந்தக் குட்டியும் குட்டி போட்டது. மனைவிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மத்தியானம் பாடம் எதுவும் இல்லை. வக்கீலம்மாவின் அறைக்குப் போனார். ஒரு காலத்தில் அவரிடம் ஓட்டப் பழகி, இரண்டு தடவை கேட்டில் இடித்த பெண்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மஞ்சக் கடுதாசி குடுத்துடலாமான்னு யோசிக்கிறேம்மா."

அவள் அதிர்ச்சி காட்டவில்லை. திவால் மனு போட்டால் போன் தொல்லை நிற்கும், காரைத் தொழிலுக்காக விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். மாஸ்டருக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

"இந்த ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்தீங்களா மாஸ்டர்?"

"குடுத்தேன். என் மச்சானுக்கு. ஒரு பைசா பாக்கி இல்ல." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லிக்கொள்ள அவரிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், மரப்பட்டறைக்காரர். கார் வாங்கக் கைமாற்றுக் கொடுத்தவர். ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. மச்சானின் மனைவிதான் ஒரு விருந்தில் எல்லார் காதிலும் விழ, "வண்டி ஓட்டுறது மாப்பிள்ளை, வண்டி என்னவோ நம்மளது" என்றாள். அன்றைக்கு மாஸ்டரின் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். மறு வாரமே மாஸ்டர் இரண்டு கார்டில் பணம் எடுத்துக் கட்டாக மச்சான் கையில் வைத்தார். அதன் பிறகுதான் அவள் அண்ணன் வீட்டில் மறுபடியும் உரிமையோடு காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அதுதான் சிக்கல். மத்தவங்களுக்கெல்லாம் பாக்கி நிக்கும்போது சொந்தத்துக்கு மட்டும் முழுசா அடைச்சிருக்கீங்க. கோர்ட் அதைத் திரும்பக் கேக்கும். உங்க மச்சானுக்கு நோட்டீஸ் போகும்."

"என்கிட்ட கேக்கட்டும்மா."

"உங்ககிட்டதான் இல்லையே."

"அதைச் சொல்லாம விட்டுட்டா?"

"எடுத்த பணம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. பொய் சொன்னா அது தனிக் குத்தம்."

மாஸ்டர் மாடிப்படியில் இறங்கினார். மனு போடாவிட்டால் அந்த அன்பான பையன் வாசலுக்கு வருவான். போட்டால் மச்சான் வாசலுக்குக் காகிதம் போகும். எந்த வாசல் என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அவருக்கு மிச்சம். பயமாக இருந்தது, சின்னப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிற மாதிரி.

வீட்டில் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை உரிப்பதை நிறுத்திவிட்டது.

"அந்தப் பணத்தைப் போட்டு அண்ணன் புது மெஷின் வாங்கிட்டாருங்க" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"கடுதாசி வந்து அண்ணன் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்களே சொல்லுங்க, இப்பவே." அவளே எண்ணை அழுத்தி, போனை அவர் முன்னால் வைத்தாள்.

பட்டறைச் சத்தத்துக்கு நடுவே மச்சானின் குரல் வந்தது. "சொல்லுங்க மாப்பிள்ளை."

"மச்சான், நான் திருப்பிக் குடுத்தேன்ல, அந்தப் பணம்..."

"என்ன, கூடக் குடுத்துட்டீங்களா? நான் எண்ணிக்கூடப் பாக்கலையே மாப்பிள்ளை. உங்க பணத்தைப் போய் எண்ணுவாங்களா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது என் பணமே இல்ல மச்சான்" என்றார்.