தரைக்கு மேலே தலை மட்டும்

உடம்பு ஓர் உலகத்திலும் தலை இன்னோர் உலகத்திலுமாக நின்றுகொண்டு என் மகளின் மேடைப் பேச்சைக் கேட்டவன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருபத்தெட்டு வருடமாக அவளே நம்பவில்லை, உங்களை நான் என்ன சொல்ல?

அவள் இப்போது பல் டாக்டர். போன வாரம் நான் சிரித்த சிரிப்பில் என் பல்செட் வாயிலிருந்து கிளம்பி, வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, வாஷ்பேசினில் இறங்கிப் பிளந்தது. "கீழ போட்டிருப்பீங்க" என்றாள். இத்தனைக்கும் என்னைச் சிரிக்கவைத்த நாவலை, "உங்க புளுகுக்கே அண்ணன்ப்பா இது" என்று வாங்கித் தந்தவள் அவள்தான்.

அந்த நாவலில், சலவைக் கடையின் பின்கதவைத் தவறித் திறந்த ஒருவன் வேறு ராஜ்யத்தில் போய் விழுகிறான். அங்கே மேகங்களுக்கு இஸ்திரி போடுகிறார்கள். ஜலதோஷம் பிடித்த டிராகன் ஒன்று, தும்மித் தும்மி வீடுகளை எரித்துவிட்டு, வீட்டுக்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கடைசி அத்தியாயத்தில்தான் மனசு நின்றுபோயிற்று. மூன்று வருடம் கழித்து அவன் வீடு திரும்புகிறான். மேஜையில் அவன் வைத்துவிட்டுப் போன டீ இன்னும் ஆவி பறக்க இருக்கிறது. சின்ன மகள் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்புகிறாள். எந்த ஊர் நியாயம் இது? நான் வீடு திரும்பிய நாளெல்லாம் டீ ஆடை கட்டிக் கிடந்திருக்கிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்தக் கட்டிடத்தில் எது நின்றாலும் ஓட வேண்டும். தாமதமாக வரும்போதெல்லாம் மகளுக்கு ஒரு ராஜாவைக் கொண்டுவருவேன். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் குடியிருப்பவர், சீட்டாட ஆளில்லாமல் என்னைப் பிடித்துவைத்துக்கொள்பவர். ஐந்து வயதில் அவள் கைதட்டினாள். எட்டில் பல்லைக் காட்டினாள், அவ்வளவுதான்.

பதினொன்றில் அவளுக்குப் பேச்சுப் போட்டி. முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருந்தேன். நாலாம் மாடியில் அரங்கம். அதே கட்டிடத்தின் லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று தொலைத்தது. கூப்பிட்டது என்னை. லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று நாலாம் மாடிக் கதவை ஒரு சாண் விலக்கினேன். என் கண்ணும் அரங்கத்துத் தரையும் ஒரே மட்டம். எதிரே மேடையின் பக்கவாட்டு. கணீரென்று தொடங்கியவள் நடுவில் மறந்துபோனாள். லட்சம் பேர் கூட்டம், குறைத்துச் சொன்னால் அறுபது பேர், மூச்சுவிடவில்லை. கூரைமேலேயே கைக்கெட்டிய லிஃப்டின் அபாய மணியை அமுக்கினேன். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள், பேச்சு திரும்ப வந்துவிட்டது. நான் வேலை முடித்து மேலே வந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் இதை இப்படியே சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷம். "இன்னைக்கு நம்ம ராஜா என்ன பண்ணார் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும், "போதும்ப்பா, ராஜா கதை" என்று முடித்துவிடுவாள். உண்மையைப் போய்ப் புளுகு மூட்டையில் போட்டுக் கட்டியவன் நான்தானே.

நேற்று கிளினிக்கில், ஒட்டவைத்த பல்செட்டை அவள் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெறும் வாயோடு எதிரே.

"புக் பிடிச்சுதாப்பா?"

"முக்காவாசி. கடைசியில அந்தப் பொண்ணு நம்புறா பாரு, அதுதான் தாங்கல."

"அது கதைதானேப்பா."

பல் இல்லாத வாயில் ராஜாவெல்லாம் நிற்கமாட்டார். இருந்ததை மட்டும் சொன்னேன்.

"நீ மேசைக்குப் பின்னால செருப்பக் கழட்டிட்டு நின்னம்மா. மறந்துபோனதும் கட்டைவிரல் ரெண்டையும் மடக்கிக்கிட்ட."

அரம் நின்றது.

"செருப்பு கடிச்சுது" என்றாள். "அம்மாகிட்டகூட அதச் சொன்னதில்ல." அரத்தைக் கீழே வைத்தாள். "அந்த மணி?"

"நான்தான்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னப்பா?"

"ராஜா குறுக்க வந்துட்டாரும்மா."

கையுறை போட்ட அவள் உள்ளங்கையில் என் பல்செட் சிரித்தபடி கிடந்தது. அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலுக்குக் கீழே அவளுடைய ஒரு கால் மெல்லச் செருப்பிலிருந்து வெளியே வந்து, விரல்களை மடக்கிக்கொண்டு தரையில் ஊன்றியது.

"வந்திருக்கீங்க" என்றாள்.