ஒரு வரிதானே

இளம்பரிதியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வரைந்த படத்தை மானிட்டரில் பார்த்ததும் இன்னும் கூடுதலாக வந்தது. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பெட்டிகள். கல்யாண மண்டப வாசலே தோற்றுப்போகும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். மாங்கூழ் ஆலை ஒன்றுக்குச் செய்துகொடுத்த டோக்கன் புரோகிராமுக்கு இப்போது ஆவணம் எழுத வேண்டும். மாங்காய் லாரி எப்படி வரிசையில் நின்று எடை மேடைக்குப் போகிறது என்ற படத்தை எந்த டூலில் வரைவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

அவனுடையது மவுஸால் பெட்டிகளை இழுத்து வைக்கிற டூல். நான் கேட்டது, வரிவரியாக எழுதினால் படம் தானாக வருகிற டூல். ஒரு வரியை எடுத்தால் அம்பு போய்விடும், யார் எடுத்தார்கள் என்று பெயரும் விழும் என்றேன்.

"கிளையண்டுக்கு அழகு வேணுங்க மேடம். உங்க படம் கரண்ட் பில்லு மாதிரி இருக்குது."

"அழகு பாக்கணும்னா ஜவுளிக் கடைக்குப் போவச் சொல்லுங்க."

முதலாளி சவுரியப்பன் சார் இரண்டு படத்தையும் வைத்துப் பார்த்தார். புரோகிராமிலிருந்து எப்போதோ நாங்கள் எடுத்துவிட்ட பெட்டி ஒன்று அவன் படத்தில் இன்னும் உட்கார்ந்திருந்தது. என் டூல்தான் என்று முடிவானது. அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு இனித்தது; மறைக்கவும் இல்லை.

பிறகுதான் சார் என் படத்தை நிதானமாகப் பார்த்தார். ஆலை வாசலிலிருந்து ஓர் அம்பு, வரிசையைத் தொடாமல் நேராக எடை மேடைக்குப் போனது. ஆலை மேனேஜர் கை காட்டுகிற லாரிக்கு வரிசை கிடையாது. அவர் போனில் சொல்ல, இளம்பரிதி புரோகிராமில் எழுதிக் கொடுத்தது. அவன் படத்தில் அது இல்லை. புரோகிராமைப் படித்தபோது என் கண்ணில் பட்டது, வேண்டுமென்றேதான் வரைந்தேன்.

"இது எதுக்கு அமுதா? ஆலைக்காரங்க இத விவசாயிங்க சங்கத்துக்குக் காட்டப் போறாங்கம்மா. எடுத்துரு."

"புரோகிராம்ல இருக்குதுங்க சார்."

"அதுல இருக்கட்டும். படத்துல வேணாம்."

போன சீசனில் என் அப்பா பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து லோடு ஏற்றிப் போய் அந்த வாசலில்தான் நாள்கணக்கில் கிடந்தார். மாங்காய் லாரியிலேயே அழுகி, சாறு தார்ப்பாய் வழியே ஒழுகியது. பின்னால் வந்த வண்டியெல்லாம் எப்படி முன்னால் போகிறது என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் சொல்லுதுங்க என்றார்களாம்.

"ஒரு வரிதானுங்க மேடம்," என்றான் இளம்பரிதி, டீயை உறிஞ்சிக்கொண்டே. "எடுத்தா அம்பு போயிரும்னு நீங்கதான சொன்னீங்க?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஆமாங்க. எடுத்தவங்க பேரு விழும்னும் சொன்னேன். எழுதுனது நீங்க, எடுக்கறதும் நீங்களே எடுங்க. உங்க லாகின்ல வாங்க."

அவன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. சவுரியப்பன் சார் அவனைப் பார்த்தார். அவன் மானிட்டரைப் பார்த்தான். அந்த வரியின் கடைசியில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. வாசலில் புறப்பட்ட அம்பு யாரையும் கேட்காமல் எடை மேடைக்குப் போய்க்கொண்டே இருந்தது.