இலையை மூடாதீங்க

வாணி பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று, கூடாரத்தின் ஓரத்தில் சுருக்குச் சுருக்காகத் தொங்கிய ரோஸ் கலர் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணி. கீழே கூடாரக்காரன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஆர்டர்ல டெக்கரேஷனோடன்னு இருக்கு. அந்தம்மாதான் பிங்க் கேட்டாங்க லா."

அந்தம்மா உள்ளே ஹாலில் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் படுத்திருந்தாள். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னதும் பாவம், ஏணியை எடுத்துவந்து அவனே ஏறினான். ஆணி அடித்திருந்த பக்கம் மட்டும் வரவில்லை. ஆகவே கிள்ளானில் இதுவரை யார் சாவுக்கும் இல்லாத அழகாய், தெருவைப் பார்த்த பக்கம் முழுக்க ரோஸ் சுருக்கோடு நின்றது நல்லம்மாளின் சாவுக் கூடாரம்.

நல்லம்மாள் பள்ளிக்கூட ஆபீஸில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா இருந்திருக்கலாம். கோயிலுக்குப் போயிருக்கலாம். அவளோ புதன்கிழமை தவறாமல் கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் போய், மிஸ் லிம் என்கிற டீச்சரிடம் படம் வரையக் கற்றுக்கொண்டாள். வீட்டின் பின்கட்டில் இருந்த இரண்டாம் சமையலறையைக் காலி பண்ணி 'ஸ்டூடியோ' என்றாள். சரி, பூ வரைவாள், முருகன் வரைவாள் என்று தாமான் குடியிருப்பு முழுக்க நம்பியது. அவள் வரைந்தது எச்சில் இலை.

கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் ஆள் சாப்பிட்டு முடித்து இலையை மடக்கக் கையைத் தூக்கும்போது நல்லம்மாள் போனோடு வந்து நிற்பாள். "கொஞ்சம் இருங்க, இலையை மூடாதீங்க." மென்று துப்பிய முருங்கைச் சக்கை, உறிஞ்சிப் போட்ட எலும்பு, ஓடிக் காய்ந்த ரசம், எல்லாம் போட்டோவில் ஏறி, பிறகு கேன்வாஸில் இறங்கும். கீழே சின்னச் சீட்டு. யார் இலை, என்ன விசேஷம்.

அதைத்தான் இந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவதாக இருந்தாள். கூடாரம், நாற்பது பேருக்கு வாழையிலைச் சாப்பாடு, எல்லாம் அவளே சொல்லிவைத்தது. வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தாள். மாலையில் பெட்டியில் வந்தாள்.

போன வாரம் மகள் வாணி செமினியிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தபோது இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "எச்சில்மா அது. அதைப் பாக்க ஆள் வேற கூப்பிடுறியா? என் மாமனார் வீட்ல என்ன சொல்வாங்க?" நல்லம்மாள் பிரஷைத் துணியில் துடைத்தாள், ரொம்ப நேரம். வாணி காரில் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான் கடைசியாகப் பேசியது.

அந்த மாமனார், பழனியப்பன், முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். கோயில் கமிட்டித் தலைவர். புரட்டாசி வந்தால் முட்டை வாங்கிய கடைப் பக்கம்கூட நடக்கமாட்டார். அதை ஊருக்கே சொல்லியும் விடுவார். பின்கட்டைப் பூட்டிவைக்கச் சொன்னவர் அவர்தான். திங்கட்கிழமை லோரியில் அள்ளிவிடலாம் என்றார். வாணியும் நேற்றே தலையாட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. அவளுக்கும் அது அசிங்கம்தான். அம்மாவின் பேர் இப்படிக் கெடவேண்டாம் என்று நினைத்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அன்றைக்கு அசிங்கம் பின்கட்டில் மட்டும் இருக்கவில்லை. சித்தி வீரம்மா பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பிஸ்கட்டை மைலோவில் முக்கிச் சாப்பிட்டாள். ஊறி விழுந்த துண்டைக் கண்ணாடி மேலிருந்து விரலால் வழித்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். ஒப்பாரி வைக்க ஆள் வரும்போது மட்டும் குவளை நாற்காலிக்குக் கீழே போகும். வாணி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

மணி பதினொன்று. வாசலில் ஏழெட்டுப் பேர் சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மிஸ் லிம், கையில் ஆரஞ்சுப் பெட்டி. கூடாரம், நாற்காலி, ரோஸ் துணி. இந்த ஊரில் இதைப் பார்த்தால் ஓப்பன் ஹவுஸ் விருந்து என்றுதானே எவரும் நினைப்பார்கள். ஒரு பெண் ரோஸ் சுருக்குக்குக் கீழே நின்று செல்பிகூட எடுத்தாள். நல்லம்மாள் எங்கே என்று மிஸ் லிம் ஆங்கிலத்தில் கேட்டார். வாணி ஹாலைக் காட்டினாள்.

மிஸ் லிம் செருப்பைக் கழற்றி உள்ளே போனார். ஆரஞ்சுப் பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல், மார்போடு அணைத்தபடி சவப்பெட்டிக்கு முன்னால் நின்றார். வெளியே வந்து, அறை சின்னது, இரண்டிரண்டு பேராக வரவேண்டும் என்று வியாழக்கிழமை நல்லம்மாள் போனில் சொன்னாளே என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. போகவும் இல்லை. வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள்.

அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பழனியப்பன் வந்தார். விஷயம் தெரிந்ததும், எதற்கும் அந்த அறையைத் தானே ஒருமுறை பார்த்துவிடுவதாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார். வாணி கொடுக்கவில்லை. தானே போய்த் திறந்தாள். பின்னாலேயே அவரும், வீரம்மாவும், அரை டஜன் சொந்தக்காரர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்கள்.

பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடை. நாலு சுவரிலும் இலைகள், ஒவ்வொன்றும் கதவு அகலம். தேடவே வேண்டியிருக்கவில்லை, அவரவர் இலை அவரவரைக் கூப்பிட்டது. வீரம்மாவின் இலையில் ஓரமாக டிஷ்யூவில் சுற்றி மடியில் கட்டத் தயாராக நாலு லட்டு. யாரோ சிரித்தார்கள். பழனியப்பன் சிரிக்கவில்லை. அவர் ஜன்னலோரப் படத்தின்முன் நின்றார். சாம்பார், கூட்டு, அப்பளம், எல்லாம் சுத்த சைவம். ஆனால் இலையின் நுனியைச் சற்று மடித்து வரைந்திருந்தாள். மடிப்புக்கு அடியில் கோழிக்கால் எலும்பு, நுனி வரை கடித்து. கீழே சீட்டு: 'சம்பந்தி. புரட்டாசி மூணாம் சனி.'

மூக்கைப் பொத்தியிருந்த கைகள் வாய்க்கு இறங்கின.

"ஆசையா வரைஞ்சது," என்றார் பழனியப்பன், தொண்டையைச் செருமி. குரலில் சந்தனம் மணத்தது. "அவங்களோடயே போகட்டும். பெட்டில வச்சிடுவோம். ஆத்மாவுக்கு அதான் சாந்தி." படத்தைக் கழற்றிவிட்டார். அதுதான் சரி என்று வீரம்மாவும் தன்னுடையதைக் கழற்றினாள். சட்டென்று எல்லோருக்கும் நல்லம்மாளின் ஆத்மாமேல் அக்கறை வந்துவிட்டது. ஆளுக்கொரு சுவரில் கை வைத்தார்கள்.

வாணி அதைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் எச்சிலே இல்லை. சோறு குன்றாக இருந்தது, நடுவில் பருப்புக் குழி உடையாமல். வெண்டைக்காய், மாங்காய்ப் பச்சடி, வடை, எதிலும் கை படவில்லை. சோற்றின் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் பதிந்த பள்ளம். மற்ற இலைகளை நல்லம்மாள் வேகமாக வரைந்திருந்தாள். இதில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக இருந்தது. 'வாணி. சித்திரை வருஷப் பிறப்பு.'

அன்றைக்குப் பின்கட்டு வாடை வயிற்றைப் புரட்டுகிறது என்று இரண்டாம் வாயில் எழுந்து போனவள் அவள்தான். அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்தது.

பழனியப்பன் படத்தோடு வாசற்படியைத் தாண்டப்போனார். வாணி கதவில் கை வைத்து மறித்தாள்.

"மாமா, கீழ வைங்க."

"என்னம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"கீழ வைங்க மாமா."

கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில், அவரிடம் பேசும் அவள் குரலில் 'ங்க' தவிர வேறு மரியாதை மிஞ்சாதது இன்றைக்குத்தான். அவர் வைத்தார். வாணி அதை எடுத்து அதே ஆணியில் மாட்டினாள். கோணலாக இருந்தது, நேர் பண்ணினாள். மற்றவர்களும் கழற்றியதைத் திரும்ப மாட்டினார்கள். பிறகு வாசலுக்குப் போய் மிஸ் லிம்மிடம் இரண்டு விரலைக் காட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் பெட்டியைச் சுற்றி வந்த வரிசையைவிடப் பின்கட்டு வரிசை நீளமாகிவிட்டது. மாலையோடு வந்தவர்கள் ஹாலில் கும்பிட்டுவிட்டு நேரே பின்னால் போனார்கள். வெளியே வந்தவர்கள் பழனியப்பனைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் பார்த்தார்கள். அவருக்கு அன்று தண்ணீர்கூட இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். வாணியின் கணவன் ராஜன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். ஆண்கள் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்தார்கள். நல்லம்மாள் சொல்லிவைத்த சாப்பாட்டை வேண்டாமென்று சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள், அது ஆறிப்போய்க் கூடாரத்தில் காத்திருந்தது. இலை போட்டார்கள். மிஸ் லிம் இன்னும் போகவில்லை. வாணிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கையால் சாப்பிட முயன்றார்.

வாணி சாப்பிட்டாள். ஆறிய சோறு, திரைகட்டிய பருப்பு, சவசவத்த அப்பளம். ஒன்றையும் விடவில்லை. முருங்கைக்காயைச் சக்கை வரை மென்று ஓரமாகத் துப்பினாள். ரசம் இலை நரம்போடு ஓடி மேசை விளிம்பில் சொட்டியது.

வீரம்மா தன் இலையை, சாவு வீட்டில் மடக்குவதுபோல், எதிர்ப்பக்கமாக மடக்கிவிட்டு எழுந்தாள். இவள் இலையையும் மடக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் சித்தி."

காற்றில் ரோஸ் துணி ஆடியது. வாணி எச்சில் கையை மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களில் சோறு காய்ந்தது. இலை அப்படியே விரிந்து கிடந்தது.