தண்ணீர் கொதிக்கும் வரை

மொட்டைமாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி, தன் தையல் மெஷினை எடுத்துப் போக வந்திருந்தாள். அதை ஏற்றிப் போக அவள் கூட்டி வந்த வண்டிக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

"இன்னும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் அழறீங்களா?"

இது என்றால் பழைய டிஷ் ஆன்டெனா. கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளை உள்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தார். வெயிலுக்கு நேராகத் திருப்பினால், முன்னால் கம்பி வளையத்தில் வைத்த பாத்திரம் கொதிக்கும். அவள் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு, அதை மூடாமல் வேலைக்குப் போய்விட்டார். சூரியன் நகர நகர வெளிச்சமும் நகர்ந்து, கொடியில் காய்ந்த புடவை கருகிப் போனது. அவள் அம்மா கடைசியாக எடுத்துக் கொடுத்தது. "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். இவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போயேன்."

"கேஸ் தீந்துபோச்சா?"

"இருக்கு. இதுல போட்டுத் தரேன்."

"எரிச்சது பத்தலையாக்கும்." சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் டிஷ்ஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். அதே புடவைதான். கருகிய இடத்தை வெட்டி, ஒட்டுப் போட்டிருந்தது. அவள் வாங்கி மடியில் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"யார் தைச்சது இதை?"

"நான்தான். உன் மெஷின்லதான். நூல் கோக்கவே ஒரு பொழுது போயிடுச்சு."

"தெரியுது. மாட்டு வண்டி போன தடம் மாதிரி இருக்கு."

டிஷ்ஷை வெயிலுக்கு நேராக, நடுவில் நீட்டியிருந்த ஆணியின் நிழல் மறையும் வரை திருப்பி, தண்ணீரை வைத்தார். உடனே மேகம் மூடிக்கொண்டது. மற்ற நாளென்றால் மேகத்தை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். இன்று அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் இரு என்று மனசுக்குள் கெஞ்சினார். டீ ஆகும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

மேகம் விலகியது. பாத்திரம் மெதுவாக முனக ஆரம்பித்தது. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மெக்கானிக் ஒன்றும் தெரியாதவர் போல ஓரடி நகர்ந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்றார். முனகல் அடங்கியது.

"ஏங்க, நிழல் விழுது பாருங்க."

"விழட்டும்."

மறுபடி ஹாரன். அவள் புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு, திரும்ப நேராகத் தைக்க, கோணல் தையலை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.