கக்கூஸ் பலகையில் ஒரு அப்போஸ்ட்ரபி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மலையில் பெண்களுக்கென்று கக்கூஸ் கட்டி முடித்து, கதவும் போட்டு, பூட்டும் போட்டுவிட்டார்கள். திறப்பு விழா நடக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாதாம். தோட்டத்தில் அது எழுதாத சட்டம். குழாயில் தண்ணீர் வந்தாலும் ரிப்பன் வெட்டும்வரை நாக்கு வறண்டு நிற்க வேண்டும். என்னோடு கொழுந்து பறிக்கும் நிரஞ்சலாவுக்கோ நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் தேயிலைக்குள் மறைவு தேடி அலைவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக விழா நாள் வந்தது. காசு கொடுத்த நிறுவனத்தின் சார்பில் கொழும்பிலிருந்து அகீலா மேடம் வந்து இறங்கினார். கணக்கப்பிள்ளை அஜந்தன் கத்தரிக்கோலை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, வரவேற்புரை சொல்ல வந்த இங்கிலீஷ் மாஸ்டர் சிதம்பரநாதன் கதவுக்கு மேலிருந்த இங்கிலீஷ் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயோ, 'வேர்க்கர்ஸ்' எண்டதிலை அப்போஸ்ட்ரபி எஸ்ஸுக்கு முன்னாலை நிக்குது! அப்ப இது ஒரேயொரு தொழிலாளிக்குத்தான் சொந்தம். பின்னாலை வரவேணும்."

"பதுளை டவுன்ல எல்லாப் பலகையும் இப்படித்தாங்க இருக்கு, சேர்" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஊரெல்லாம் பிழை விட்டா நாங்களும் விடோணுமே?"

அவ்வளவுதான். அப்புத்தளையிலிருந்து பெயின்டர் ஸரூக்கைக் கூட்டிவர ஆட்டோ பறந்தது. எழுத்துக்கு மேல் தொங்கும் அந்தக் குட்டி வாலை இடம் மாற்றாமல் ரிப்பன் வெட்டக் கூடாதாம். அடப்பாவிகளா! பிள்ளைத்தாச்சிக்கு அவசரமென்றால் ஒருவரும் அசையவில்லை, இந்த வாலுக்கு ஆட்டோ போகிறது.

காத்திருந்த மேடத்துக்கு டீ கொடுத்தார்கள். மரியாதை குறையக் கூடாதென்று மறுபடியும் கொடுத்தார்கள். இன்னொரு கோப்பையும் வந்தபோது அவர் நெளிய ஆரம்பித்தார். கணக்கப்பிள்ளையிடம் மெதுவாக எதையோ கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னும் தொறக்கலீங்களே, மேடம்..."

நான் போய் மேடத்தின் கையைப் பிடித்தேன். "வாங்கம்மா, நாங்க போற எடத்துக்கே போவோம்."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் வந்தார், பாவம். நான் காவல் நின்றேன். மேல் ரோட்டில் போன லொறிக்காரன் வேண்டுமென்றே ஹோர்ன் அடித்தான். வெளியே வரும்போது அவர் கணுக்காலில் அட்டை தொங்கியது. முகம் சிவந்திருந்தது.

"தினமும் இப்படித்தானா?"

"மழை நாள்ல இன்னும் மோசம்மா."

நேரே கக்கூஸுக்குப் போனார். கத்தரிக்கோலைத் தேடவில்லை. ரிப்பனைக் கையாலேயே பிய்த்தெறிந்து, "சாவி!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ, அந்த அப்போஸ்ட்ரபி..." என்று மாஸ்டர் இழுத்தார். மேடம் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

நிரஞ்சலாவைத்தான் முதலில் அனுப்பினோம். அவள் உள்ளே கொக்கி போடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அழுகையும் கேட்டது. பதறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணுமில்லக்கா. கதவு சாத்தியிருக்குல்ல, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."