எதிர்க்காற்றில் காலியான இருக்கை

"ரெண்டு ஊர்ல ரெண்டு குடித்தனம். சரிப்பட்டு வருமா?" கல்யாணம் பேசி முடித்த வாரத்தில் அவன் கேட்டான்.

"பிளேன்ல நாப்பதே நிமிஷம். இங்க டவுன் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்கூட இல்ல. இதுக்குப் போய் இவ்ளோ யோசிப்பீங்களா?" என்று சிரித்தாள் அவள்.

விமான நிலைய கவுண்டரில் வேலை பார்ப்பவளே சொன்ன பிறகு அவனும் சரியென்று தலையாட்டினான்.

கல்யாணமான பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருநூற்றைம்பது கிலோமீட்டரும் நாற்பது நிமிடமும் ஆகாயத்தின் கணக்கு. பெட்டி கட்டுவதில் தொடங்கி அவன் வேலை பார்க்கும் ஊரில் அறைக் கதவைத் திறப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். வாரத்தில் ஒரே ஒரு இரவு அவன் வீட்டில் இருப்பான். அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும். இங்கேயே வந்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. அன்று அவ்வளவு ஜம்பமாகப் பேசியது யார்?

இன்று கேட்டே ஆகவேண்டும். அங்கே மின்நிலையத்தில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக இன்று மாலை கையெழுத்துப் போடப் போகிறான். காலையில் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தபோது கேட்க வாயெடுத்தாள்.

"என்ன?" என்றான்.

"காலர் மடங்கியிருக்கு" என்றாள்.

விமான நிலையத்தில் அவன் உள்ளே போய்ச் சின்ன விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, விமானி கவுண்டரில் இருந்த அவளிடம் வந்தார்.

"எதிர்க்காத்து பலமா இருக்கும்மா. நேரம் கூட ஆகும். அங்க எறங்க முடியலன்னா திரும்பி வரவும் எரிபொருள் வேணும். அவ்ளோ எடை தாங்காது. ஒரு சீட்டைக் காலி பண்ணு."

இறக்குவதென்றால் சலுகை டிக்கெட்டில் பறக்கும் ஊழியர் குடும்பத்தாரைத்தான் முதலில் இறக்குவார்கள். இன்று அப்படி ஒரே ஒருவன். வயர்லெஸ்ஸை எடுத்துத் தன் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"எல்லா வீட்லயும் பொண்டாட்டி வழியனுப்பி வைப்பா. எங்க தங்கச்சி பிளேன்லேர்ந்து எறக்கியே விட்டுடுச்சு!" என்றார் பெட்டி ஏற்றுகிறவர்.

"கல்யாணமாகி மூணு வருஷமா காத்திருந்து பழி வாங்கிட்டா அண்ணே" என்று சொல்லிக்கொண்டே பையோடு வந்தான் அவன்.

விமானம் ஓடி, எழும்பி, மேகத்துக்குள் போனது. ஒவ்வொரு வாரமும் அது கண்ணைவிட்டு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். இன்று அவன் பக்கத்தில் நிற்க, அது யாரையோ ஏற்றிக்கொண்டு போகும் வெறும் விமானம். மூச்சு அடிவயிறு வரை போய் நிம்மதியாகத் திரும்பியது.

"இனி நாளைக்குத்தான் பிளேன். கையெழுத்தை நாளைக்கு வச்சுக்கலாம்னு சொல்லிடறேன்" என்று அவன் போனை எடுத்தான். மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதுபோல அவன் முகத்திலும் ஒரு மலர்ச்சி. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது. போன் பிடித்த கையைப் பற்றிக்கொண்டாள்.

"என்னங்க, கையெழுத்தே போடாதீங்க. இங்கயே வந்துடுங்க. எனக்கு தினமும் உங்ககூட இருக்கணும்."