பம்புக்காரர் முகத்தில் கரி

1.
இந்தக் கதை எனக்கு ஒரு சவரக் கடையில் கிடைத்தது. கழுத்தில் கத்தி இருந்ததால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். "ஸ்ட்ரைக் நேரத்துல பம்புக்காரர் மூஞ்சி கறுப்பா வந்துச்சு சார். அதோட எல்லாம் போச்சு" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து அந்த முகம் என்னை விடமாட்டேன் என்கிறது.

முதல் தொடக்கம்: 'சங்கு ஊதாத அந்தக் காலையில் நிலக்கரிச் சுரங்கம் ஒரு…' (ஒரு என்ன? உவமை தேடி அரை நாள் வீண். விட்டுவிட்டேன்.)

2.
விஷயம் இதுதான். எல்லோரும் வேலைநிறுத்தம். பம்புக்காரர் மட்டும் தினமும் சுரங்கத்தில் இறங்கலாம், சங்கமே கொடுத்த அனுமதி. ஊற்றுத் தண்ணீரை இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். ஜெயித்தாலும் திரும்பிப்போக வேலை இருக்காது. ஒரே நிபந்தனை, கரியைத் தொடக்கூடாது. நனைந்த சட்டையும் சுத்தமான முகமுமாக ஏறி வந்தால் வாசலில் காவல் நிற்பவர்கள் வழிவிடுவார்கள்.

(அவரை நல்லவர் என்று எழுதக் கை கூசுகிறது. பிடிவாதக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.)

3.
பம்புக்காரரின் தங்கை வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. வீடுகளுக்குத் தரும் கரியை நிர்வாகம் நிறுத்திவிட்டது. வெளியே கொட்டும் பனி.

"அண்ணே, பிள்ளைக்குக் கைகாலெல்லாம் சில்லுனு கிடக்கு. அவருகிட்ட சொன்னா ஊருக்கே குளிருதுங்கறாரு. நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"நான் பாத்துக்கறேன். அழாத."

மறுநாள் சாப்பாட்டுத் துணியில் இரண்டு கை கரியைக் கட்டிக்கொண்டு ஏறினார். முகத்தைத் துடைக்காமல் இல்லை. கரிக் கையாலேயே துடைத்தார்.

4.
அன்று வாசல் காவலில் தங்கை புருஷன்.

"மச்சான், மூஞ்சி ஏன் கறுப்பா இருக்கு?"

"கரி வெட்டியிருக்கான்யா" என்று பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான்.

"மச்சான், ஏதாவது சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

சொன்னால் தங்கை மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் துரோகி, நாளை முதல் இறங்க விடமாட்டார்கள். பம்பை ஓட்டத் தெரிந்த வேறு ஆளும் கிடையாது.

5.
அவரைப் பேசவைத்து ஒரு முடிவு எழுதினேன். மாப்பிள்ளை துணியைப் பிரித்துப் பார்த்து, அழுது, கட்டிப்பிடித்து… (கிழித்தாயிற்று. கடைக்காரர் சொன்னதில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.) பேசாமல் நிற்கும் முடிவையும் எழுதினேன். அதில் மாப்பிள்ளை கரியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதிக்கிறார், தன் பிள்ளைக்கு வந்தது என்று தெரியாமல். அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவர்களை வாசலிலேயே விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். அவரை நாளைக்கு இறங்கவிடுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். பம்பை நிறுத்திவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறார். கீழே தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது.